எழுதியதைத் தவிர என்ன செய்தார்?

திருச்சியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவதற்காக, ஓய்வு பெற்ற எங்களில் நாலைந்து பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார்கள். இரண்டு மாதம் முன்பு துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல சூட்டிகை. பிடித்த அரசு அதிகாரி யார் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல் என்றாள். மிசோரம், பஞ்சாப் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைத் தெளிவாகவே அடுக்கினாள். தவறாக எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு ஆசை வந்தது. "அதே பாதுகாப்புத் துறையில இந்தத் திருச்சியிலயே பிறந்த ஒருத்தர் இருந்தார், கே. சுப்ரமணியம்னு. கேள்விப்பட்டிருக்கியாம்மா?" என்றேன். "வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சாரோட அப்பா தானே சார்?" என்றாள். தேர்வு நடத்துகிறவன் என்பதை மறந்து பத்து நிமிடம் நானே பேசினேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, சற்றுத் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவரு எழுதுனதைத் தவிர என்ன சார் பண்ணாரு?" என்றாள்.

அந்தக் கேள்வியில் திமிர் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் அங்கே பதில் வரவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த பையனை அழைத்துவிட்டார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபோதும் அது விடவில்லை, இரவு சாப்பிடும்போதும் விடவில்லை. நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் செய்த வேலையும் எழுதுவதுதான். வந்த தபாலைப் படித்து, விதியைப் பார்த்து, குறிப்புக் கோப்பில் நோட் போட்டு மேலே அனுப்புவது. அந்தப் பெண் சுப்ரமணியத்தைப் பற்றிக் கேட்டாள். எனக்கோ, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற என்னைப் பார்த்தே கேட்ட மாதிரி இருந்தது.

ஒரு ஒன்றரைப் பக்கக் குறிப்பு

அவரைப் பற்றிச் சொல்லும் முன் என்னுடைய ஒரு குறிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கேள்வி ஏன் என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டது என்பது புரியாது. 1993-ல் நான் உதவியாளராக இருந்த ஓர் அலுவலகத்தில் பதிவறையின் கூரை மழைக்கு ஒழுகும். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே பழைய மின்பலகை. அதை ஒட்டி மூன்று மர அடுக்குகளில் சிவப்புத் துணியில் கட்டி வைத்த நிலப் பதிவுக் கட்டுகள். மழை நாளில் அந்தச் சுவரைத் தொட்டால் சுரீரென்று கையில் ஏறும். கட்டுகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டும், மின்பலகையை இடம் மாற்ற வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பித்தேன். நான்காம் நாள் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பேசுக'. போய்ப் பேசினேன். நிதி கேட்டு மேலே எழுத வேண்டும், இந்த ஆண்டு முடியாது, பிறகு பார்க்கலாம் என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை. அவர் மேசையில் அன்று அதைவிட அவசரமான நாற்பது கோப்புகள் இருந்திருக்கும். நானும் வந்து என் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாத இரவில் அந்த மின்பலகையில் தீப்பிடித்தது. நாலு கிராமங்களின் பழைய பதிவுகள் போயின. தீயில் தப்பியதைத் தண்ணீர் கெடுத்தது. அடுத்த ஆறேழு மாதம் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் வாரம் தவறாமல் திங்கட்கிழமை வருவார். "எம் புருசன் பேர்ல அம்பது குழி இருந்துச்சுய்யா, தம்பி மகன் இல்லேங்கிறான், நீங்க பழைய கணக்கைப் பாத்துச் சொல்லுங்கய்யா" என்பார். பார்ப்பதற்குக் கணக்கு இல்லை. விசாரணை வந்தபோது என் குறிப்பு கோப்பில் பத்திரமாக இருந்தது. நான் முன்பே எச்சரித்திருக்கிறேன் என்று பதிவாகி, என் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அன்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்று நினைத்தால் தொண்டையில் எதுவோ அடைக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டாவது குறிப்பு ஒன்றை நான் எழுதவே இல்லை. அதிகாரி மாறினார். புதியவருக்கும் எழுதவில்லை. முதல் குறிப்பு என்னைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. அந்த அம்மாளின் அம்பது குழியைக் காப்பாற்ற அது போதவில்லை.

கேட்காத காதுக்கு

சுப்ரமணியம் 1929 ஜனவரியில் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஐ.ஏ.எஸ். ஆனார். சீனப் போர் முடிந்த காலத்தில் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலாளர். 1964 அக்டோபர் 16 அன்று சீனா முதல் அணுகுண்டைச் சோதித்தது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா தலைமையில் ஒரு குழு அமைத்து இதன் விளைவுகளை ஆராய வேண்டும் என்று அப்போது தான் மேலே ஒரு குறிப்பு அனுப்பியதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். துணைச் செயலாளர் என்பது தில்லி ஏணியில் கீழ்ப்படி. அந்தப் படியில் நிற்கிற ஒருவர், நாட்டின் மிகப் பெரிய முடிவைப் பற்றி, யாரும் கேட்காமலே எழுதுகிறார். எதுவும் நடக்கவில்லை. 1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்துபோனார். சுப்ரமணியம் லண்டன் பொருளியல் பள்ளியில் போரியல் உத்திகளைப் படித்துவிட்டுத் திரும்பினார். இந்தியாவுக்கும் அணு ஆயுதம் வேண்டும் என்று மறுபடி மறுபடி எழுதினார். இந்தியா அணு ஆயுதம் வைத்திருக்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தது 1998 மே மாதம். முதல் குறிப்புக்கும் அதற்கும் நடுவில் 33 ஆண்டுகள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணுகுண்டு விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது. ஹிரோஷிமாவின் படங்களைப் பார்த்தவன் எவனும் அந்த ஆயுதத்தைத் தன் நாடு வைத்திருப்பதில் நிம்மதி அடைய முடியாது என்பது என் எண்ணம். அவர் அதைப் போரிடும் கருவியாகப் பார்க்கவில்லை, எதிரியின் கையைக் கட்டிப்போடும் கருவியாகத்தான் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். 1999 ஆகஸ்ட் 17 அன்று வெளியான அணுக் கொள்கை வரைவு, அவர் ஒருங்கிணைத்த தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் தயாரித்தது. நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம், நம்பத்தக்க அளவுக்குக் குறைந்தபட்சம் வைத்திருப்போம் என்பவை அதன் அடிப்படை. இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் நான் இங்கே எடைபோடுவது கருத்து சரியா தவறா என்பதை அல்ல. ஒரு அரசு ஊழியன் தான் சரி என்று நினைப்பதை எத்தனை முறை, யாரிடம், எந்த விலை கொடுத்துச் சொல்கிறான் என்பதை.

1968-ல் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு அவரை இயக்குநராக அனுப்பினார்கள். தில்லியில் சப்ரூ ஹவுஸில் இருந்த அந்த நிறுவனத்துக்கு அப்போது வயது மூன்று. ஆட்சிப் பணியில் மேலேறத் துடிக்கும் யாரும் விரும்பிப் போகும் இடமல்ல அது. கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை, பிரித்துக் கொடுக்க நிதி இல்லை, வாசலில் காத்து நிற்க ஆளும் இல்லை. ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். ராணுவம் பற்றிப் பொதுவில் பேசுவதே தேசத்துரோகம் போலக் கருதப்பட்ட காலத்தில் பத்திரிகைகளில் எழுதினார், கல்லூரிகளில் பேசினார், இளைய ஆய்வாளர்களை உருவாக்கினார். 1971 மார்ச் கடைசி நாளில், கிழக்கு வங்கத்தில் ராணுவ வெறியாட்டம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாதபோது, பாகிஸ்தான் உடைவது இந்தியாவுக்கு நல்லது, இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது என்று ஒரு கருத்தரங்கில் வெளிப்படையாகச் சொன்னார். இந்தியா திட்டமிட்டே உடைத்தது என்பதற்குச் சான்றாகப் பாகிஸ்தானில் அந்த வாக்கியத்தை நெடுங்காலம் மேற்கோள் காட்டினார்கள். அரசுச் சம்பளம் வாங்குகிற ஒருவர் அப்படிப் பேசியிருக்கலாமா என்று என்னிடம் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். நடத்தை விதிகளைப் படித்து வளர்ந்தவன் நான். ஆனால் அறைக்குள் சொல்வதையே அவர் மேடையிலும் சொன்னார். அந்த ஒருமை எனக்கு என் பணிக்காலத்தில் அதிகம் காணக் கிடைக்கவில்லை.

1977 முதல் 1979 வரை கூட்டு உளவுக் குழுவின் தலைவர். உள்நாட்டு உளவு, வெளிநாட்டு உளவு, முப்படைகள் என்று தனித்தனியே வரும் தகவல்களை ஒரே மேசையில் போட்டுச் சலித்து, இதற்கெல்லாம் சேர்த்து என்ன அர்த்தம் என்று அரசுக்குச் சொல்வது அந்தக் குழுவின் வேலை. உளவாளி நள்ளிரவில் சுவரேறிக் குதிக்கும் கதை எதுவும் அந்த நாற்காலிக்குக் கிடையாது. தாள்களைப் படித்துத் தாள் எழுதும் நாற்காலி அது. பாகிஸ்தான் யுரேனியத்தைச் செறிவூட்டும் வழியில் குண்டுக்குப் போகிறது என்ற மதிப்பீடு அந்த மேசையிலிருந்துதான் 1979-ல் அரசிடம் போனது. பிறகு பாதுகாப்பு உற்பத்தித் துறையின் செயலாளர் ஆனார். ஐ.ஏ.எஸ். ஏணியில் கிட்டத்தட்ட உச்சி.

1980

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். சுப்ரமணியம் செயலாளர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். புதிய ஆட்சி அப்படி நீக்கிய முதல் செயலாளர் தன் தந்தைதான் என்றும், அதன் பிறகு அவர் செயலாளராக ஆகவே இல்லை என்றும், பிறகு அவருக்கு இளையவர் ஒருவர் அவரைத் தாண்டி அமைச்சரவைச் செயலாளர் ஆனார் என்றும் மகன் ஜெய்சங்கர் 2023-ல் ஒரு பேட்டியில் சொன்னார். நாற்பது வருடம் கழித்தும் மகனின் பேச்சில் அந்த வலி இருந்தது.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். மாறுதல் உத்தரவு வந்த அன்று மாலையே அறை வாசலில் கூட்டம் குறையும். நேற்றுவரை எழுந்து நின்றவர்கள் இன்று தலையை லேசாக அசைத்துவிட்டுக் கடந்து போவார்கள். வீட்டுத் தொலைபேசி அடிக்காது. திறமைக்காக இல்லாமல் ஆட்சி மாறியதற்காக ஒதுக்கப்படுபவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே நடக்கும். இனி எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தோன்றும். என்னோடு வேலை பார்த்த இரண்டு நல்ல மனிதர்கள் இப்படி ஒதுக்கப்பட்ட பிறகு பத்து மணிக்கு வந்து ஐந்தே முக்காலுக்குப் போகும் ஆட்களாக மாறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் மின்பலகைக்கே இரண்டாவது குறிப்பு எழுதாதவன்.

சுப்ரமணியம் எங்கே போனார்? அதே ஆய்வு நிறுவனத்துக்கு, அதே இயக்குநர் நாற்காலிக்கு. ஐந்து வருடம் முன்பு விட்டுவந்த இடத்துக்கு, செயலாளராக இருந்துவிட்டு, திரும்பப் போவது. வெளியிலிருந்து பார்த்தால் இறக்கம். 1980 முதல் 1987 வரை ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். இந்த இரண்டாவது ஏழு ஆண்டுகளில்தான் அவர் இன்று நாம் அறிந்த சுப்ரமணியம் ஆனார் என்பது என் எண்ணம். இனி மேலே போக வழி இல்லை என்று தெரிந்த பிறகு எழுதிய எழுத்து அது. யாரையும் மகிழ்விக்கத் தேவையில்லாத எழுத்து. கோப்புக்குள் எழுதினால் 'பேசுக' என்ற ஒரு சொல்லோடு அது செத்துப்போகும் என்பதை அவர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் கோப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியா, எகனாமிக் டைம்ஸ் பத்திரிகைகளில் ஆலோசனை ஆசிரியராக இருந்தபோதும் அதையேதான் செய்தார். ரகசியங்களை அல்ல, தர்க்கத்தை வெளியே கொண்டுவந்தார். பாதுகாப்பு என்பது ஜெனரல்களும் நாலைந்து செயலாளர்களும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் விஷயம் என்ற நிலை மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பலர் அவரை இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையின் பீஷ்மர் என்று எழுதுவார்கள். எனக்கு அந்த ஒப்புமை பிடிப்பதில்லை. சபையில் ஒரு பெண் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தவர் பீஷ்மர். இவர் கேட்காதவர்களிடமும் சொன்னவர்.

1984 ஆகஸ்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டு லாகூர், கராச்சி வழியாகத் துபாய் போனது. அதில் அவரும் ஒரு பயணி. ஜெய்சங்கர் அப்போது இளம் அதிகாரி, அந்தக் கடத்தலைக் கையாண்ட குழுவில் இருந்தவர். வேலை இருக்கிறது, வீட்டுக்கு வர முடியாது என்று சொல்லத் தொலைபேசியில் அழைத்தவருக்கு, அந்த விமானத்தில் இருப்பது தன் அப்பா என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கம் அரசின் ஆளாகவும் இன்னொரு பக்கம் அரசை நெருக்கும் குடும்பங்களில் ஒருவராகவும் தான் இருந்ததை அவர் 2024-ல் ஜெனீவாவில் சொன்னார். பயணிகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். வாழ்நாள் முழுவதும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றித் தாளில் எழுதியவர், அந்தப் பாதுகாப்பு அறுந்துபோன ஓர் இடத்தில் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அவர் எழுதியது வெறும் தாள் விவகாரம் அல்ல என்பது அந்தப் பெண்ணுக்குக்கூட இந்தக் கதையில் புரிந்திருக்கும். அன்று எனக்கு இது நினைவுக்கு வரவில்லை.

தான் அமர்ந்த நாற்காலியைப் பற்றி

1999 ஜூலை 26-ல் கார்கில் போர் முடிந்தது. பாகிஸ்தான் ஊடுருவலுக்கு முன் நடந்தவற்றை ஆராய 29-ஆம் தேதி அரசு ஒரு மறுஆய்வுக் குழுவை அமைத்து, சுப்ரமணியத்தைத் தலைவராக்கியது. வயது எழுபது. ராணுவத்தின் முன்னாள் துணைத் தளபதி கே.கே. ஹஸாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், செயலராகச் சதீஷ் சந்திரா. விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட குழு அல்ல. ஆனாலும் முன்னாள் பிரதமர்கள், தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் என்று வரிசையாகப் பேசி, ஐந்தே மாதத்தில், டிசம்பர் 15 அன்று அறிக்கை முடிந்தது. நம் ஊரில் ஆணையங்கள் எத்தனை முறை கால நீட்டிப்பு வாங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட அரிது, 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். ஆனால் வெளியே வந்தது. 1962-ல் சீனாவிடம் பட்ட தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

யார் தவறு என்று தனி ஆள் பெயரைச் சொல்லவில்லை என்று அந்த அறிக்கை மேல் ஒரு குறை உண்டு. எனக்கும் அந்தக் குறை நெடுநாள் இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்த போரில் ஒருவர்மீதுகூடப் பழி விழவில்லையே என்று. பிறகு அந்த உளவுத் தகவல் பற்றிய பகுதியை மறுபடி படித்தேன். தகவல்கள் துண்டு துண்டாக வந்தன, ஒருவர் கையில் இருந்தது அடுத்தவருக்குப் போகவில்லை, அவற்றை ஒன்றாக்க வேண்டிய கூட்டு உளவுக் குழுவுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. இருபது வருடம் முன்பு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றி எழுதுகிறார். அங்கிருந்து எழுதினால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு வரியில்கூடத் தன் மனக்குறை தெரியாமல், அந்த நாற்காலி ஏன் கேட்கப்படவில்லை என்பதை மட்டும் எழுதுகிறார்.

இன்னொரு பத்தி உண்டு, நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது. சுதந்திரத்தின்போது மவுண்ட்பேட்டனின் தலைமை அலுவலராக இருந்த இஸ்மே வகுத்த அமைப்பை, பாதுகாப்பு நிர்வாகத்தின் நுணுக்கங்களில் பழக்கமில்லாத அன்றைய தலைமை அப்படியே ஏற்றுக்கொண்டது, 1962, 1965, 1971 போர்கள் வந்து போன பிறகும் 52 ஆண்டுகளில் அதில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்பது அதன் சாரம். கூரை ஒழுகுகிறது, கீழே மின்பலகை இருக்கிறது, அரை நூற்றாண்டாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் கேட்டது.

அதன் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு, அதன் கீழ் நான்கு செயற்குழுக்கள், 2001-ல் அவர்களுடைய அறிக்கை. 2002-ல் பாதுகாப்பு உளவு முகமை, 2004-ல் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரமும் அந்த ஒரு வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்று கார்கில் குழு சொன்னது. அப்போது பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளராகவும் ஆலோசகராகவும் இருந்தார். தன்னை நியமித்த அரசின் மிகச் செல்வாக்கான அதிகாரி இரட்டை நாற்காலியில் இருக்கக் கூடாது என்று அதே அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது நடந்தது 2004-ல் ஜே.என். தீட்சித் ஆலோசகராக வந்தபோது. அந்தத் துறையூர்ப் பெண்ணுக்குப் பிடித்த அஜித் தோவல் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலி இப்படித்தான் தனி நாற்காலி ஆனது. முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று அமைச்சர்கள் குழு சொன்னது நடக்க 2020 ஜனவரி 1 வரை ஆனது. சுப்ரமணியம் 2011 பிப்ரவரி 2 அன்று இறந்துபோயிருந்தார்.

1999-ல் அவருக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள். வேண்டாம் என்றார். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது வாங்கக் கூடாது, அவர்களுக்குத்தான் சலுகை காட்டப்பட வாய்ப்பு அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். பெருந்தன்மை என்று இதைப் பாராட்டுவார்கள். எனக்கு அது தொழில் சுத்தமாகத் தெரிகிறது. நாளை அதே அரசுக்கு எதிராக ஒரு வரி எழுத வேண்டி வந்தால் கை தயங்கக் கூடாது. அவர் மறுத்த அதே ஆண்டில்தான் கார்கில் குழு வந்தது. மார்பில் பதக்கத்தோடு அந்த இஸ்மே பத்தியை எழுதியிருந்தால் அதைப் படிக்கும் முறையே மாறியிருக்கும்.

அவள் கோடு போட்ட இடம்

இரண்டு வாரம் கழித்து மறுபடி அவளைப் பார்த்தேன். கார்கில் அறிக்கையின் பரிந்துரைப் பகுதியையும் சம்பவங்களைச் சுருக்கிச் சொல்லும் பகுதியையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். "நீ கேட்டதுக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலைம்மா. இதைப் படி" என்று கொடுத்தேன். கூடவே என் பதிவறைக் கதையையும் சொன்னேன். வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத கதை. குறிப்பு இரண்டு வகை என்று சொன்னேன். தன்னைக் காத்துக்கொள்ள எழுதுவது ஒன்று, ஒரு தடவை எழுதினால் போதும். காரியம் நடக்க எழுதுவது இன்னொன்று, அதை நடக்கும்வரை எழுத வேண்டும். அவர் எழுதியது இரண்டாவது வகை, நான் எழுதியது முதல் வகை என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு திருப்பிக் கொண்டுவந்தாள். ஓரங்களில் பென்சில் கோடுகள். இஸ்மே பத்தியில் கோடு இருக்கும் என்று எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை. அவள் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது வேறு இடம். 1999 மே 3 அன்று படாலிக் பகுதியில் ஊடுருவல்காரர்களை முதலில் பார்த்தது ஆடு மேய்க்கும் இருவர், ராணுவப் படைப்பிரிவு அவ்வப்போது தகவலுக்குப் பயன்படுத்தி வந்தவர்கள் என்ற வரி. அவர்கள் வந்து சொன்னதும் ரோந்துப் படை அனுப்பப்பட்டது, சில நாட்களில் அது உறுதியானது என்ற வரி.

"இதுல என்னம்மா?" என்றேன்.

"எங்க தாத்தா ஆடு மேய்ச்சவரு சார். ஏரிக்கரையில மண்ணு சரியுதுன்னு ஊருக்குள்ள வந்து சொல்லுவாராம். யாரும் காதுல வாங்க மாட்டாங்களாம்." தாளைத் திருப்பி அந்த வரியை மறுபடி பார்த்தாள். "இங்க அவங்க சொன்ன உடனே ஆள் அனுப்பியிருக்காங்க, சார். அத்தனை பெரிய ஆபீசுங்க எல்லாம் இருக்கையில. அப்ப மேல மட்டும் ஏன் சார் போகல?"

அந்தக் கேள்விக்குத்தான் அந்த எழுபது வயதுக்காரர் ஐந்து மாதம் உட்கார்ந்து பதில் எழுதினார் என்று சொன்னேன். மீதிப் பக்கங்களையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். நேற்று கடையில் கொடுத்து அச்செடுத்து, ஓரத்தில் துளையிட்டு, நாடா கோத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.